டேட்டா மவுண்டன்: இடத்தை நம்பிய ஓர் இடைமுகமும் அதன் பின்கதையும்

1998-இல் மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவில் ஜார்ஜ் ராபர்ட்சன், மேரி செர்வின்ஸ்கி உள்ளிட்ட குழுவினர் 'டேட்டா மவுண்டன்' என்ற மாதிரி இடைமுகத்தை உருவாக்கினார்கள். திரையில் ஒரு சாய்ந்த தளம். அதன்மேல் இணையப் பக்கங்களின் சிறுபடங்கள். பயனர் ஒவ்வொரு பக்கத்தையும் மவுஸால் இழுத்து, தனக்குத் தோன்றிய இடத்தில் வைக்கலாம். கோப்புறைகள் கிடையாது, அகரவரிசை கிடையாது, பெயரிடும் கட்டாயமும் கிடையாது. பிறகு அந்தப் பக்கம் தேவைப்படும்போது, எங்கே வைத்தோம் என்ற நினைவை வைத்தே அதை எடுக்க வேண்டும்.

முப்பரிமாண இடைமுகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுவார்கள். 'முப்பரிமாணத்தில் ஆவணங்களை அடுக்கினால் விரைவாகக் கண்டெடுக்கலாம் என்று அப்போதே நிரூபித்துவிட்டார்கள்' என்பது வழக்கமான வாசகம். அந்தச் சோதனையையும் அதைத் தொடர்ந்து வந்தவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தால் வேறு முடிவு கிடைக்கிறது. பலன் உண்மைதான். ஆனால் அந்தப் பலனைத் தந்தது மூன்றாம் பரிமாணம் அல்ல.

முன்னர் நடந்தவை

ஆவணத்துக்கு இடம் கொடுக்கும் எண்ணம் 1998-க்கு வெகு முந்தையது. பேச்சின் பகுதிகளை ஒரு கட்டடத்தின் அறைகளில் மனத்தளவில் வைத்து, பேசும்போது அறை அறையாக நடந்து எடுக்கும் உத்தியைப் பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்டார்கள். சிசரோ அதைப் பதிவு செய்திருக்கிறார். கணினியில் அதற்கு முதல் உருவம் கொடுத்தவர்கள் 1970-களின் பிற்பகுதியில் எம்ஐடியில் இயங்கிய ஆர்க்கிடெக்சர் மெஷின் குழுவினர். ரிச்சர்ட் போல்ட் பங்காற்றிய அவர்களுடைய 'இடஞ்சார் தரவு மேலாண்மை' அமைப்பில் ஓர் அறையின் சுவர் முழுவதும் திரையாக இருந்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே, அதன் கைப்பிடியில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவிகளால் 'டேட்டாலேண்ட்' என்ற தகவல் பரப்பின்மேல் பறந்து செல்லலாம். அந்தப் பரப்பு தட்டையானது என்பதை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து வந்தது ஒரு குளிர்ந்த நீர்த்தெளிப்பு. 1986-இல் வில்லியம் ஜோன்ஸும் சூசன் டூமாய்ஸும் செய்தித் துணுக்குகளைச் சோதனையில் பங்கேற்றவர்களிடம் கொடுத்து, சிலரைப் பெயர் சூட்டிச் சேமிக்கவும், சிலரை இடத்தில் வைத்துச் சேமிக்கவும் சொன்னார்கள். இடத்தை மட்டும் நம்பியவர்கள் தோற்றார்கள். பெயரோடு இடத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாகக் கிடைத்த நன்மை சொற்பம். இடநினைவை உயர்த்திப் பேசும் கட்டுரைகளில் இந்த ஆய்வு அதிகம் தலைகாட்டுவதில்லை. டேட்டா மவுண்டனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்பது என் எண்ணம். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மலை எப்படிக் கட்டப்பட்டது

'மலை' என்று பெயர் இருந்தாலும் அது ஒரு சரிவுதான். 65 டிகிரி சாய்த்து நிறுத்திய ஒரு தளம். பயனரின் பார்வை ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். உள்ளே நடந்து செல்வதும் இல்லை, சுற்றி வருவதும் இல்லை. பக்கங்கள் தளத்தை விட்டு எழும்பாது. மவுஸை மேலே தள்ளினால் பக்கம் தொலைவுக்குப் போகும், கீழே இழுத்தால் அருகே வரும். மவுஸுக்கு இருப்பது இரண்டு திசைகள்தான், தளத்துக்கும் இரண்டு திசைகள்தான். அதனால் பயனர் புதிதாகக் கற்க வேண்டிய அசைவு எதுவும் இல்லை. அந்தக் காலத்து முப்பரிமாணச் செயலிகளில் பொருளைப் பிடித்துத் திருப்பி, உயர்த்தி, உரிய இடத்தில் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். இவர்கள் அந்தச் சிக்கலை ஒரே கட்டுப்பாட்டில் அடக்கிவிட்டார்கள். இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த முடிவு இதுவே.

சாய்வினால் ஒரு நடைமுறை ஆதாயமும் உண்டு. தொலைவில் இருப்பவை சிறிதாகத் தெரியும், அருகில் இருப்பவை பெரிதாகத் தெரியும். எனவே ஒரே திரையில் அதிகப் பக்கங்கள் அடங்கும். அடிக்கடி வேண்டியவற்றை முன்னே வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளலாம். எதுவும் திரையை விட்டு மறைவதில்லை. பின்வரிசையில் இருப்பதும் ஒரு புள்ளியளவாவது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

தளத்தின்மேல் மங்கலான நிறத்திட்டுகள் சில இருந்தன. அவற்றுக்கு எந்தப் பொருளும் கிடையாது. 'இங்கே செய்திகள்', 'இங்கே விளையாட்டு' என்று வடிவமைப்பாளர் எதையும் எழுதி வைக்கவில்லை. பொருளைக் கொடுப்பது பயனரின் வேலை. வெற்றுப் பரப்பில் ஒரு புள்ளியை நினைவில் வைப்பது கடினம். 'அந்தத் திட்டுக்குச் சற்று வலப்பக்கம்' என்றால் மனம் பிடித்துக்கொள்கிறது.

ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு போகும்போது வழியில் இருப்பவை தாமாக விலகி இடம் கொடுக்கும். இந்த விலகல் இழுக்கும்போதே நடக்கும். கையை எடுத்தால் என்ன நிலை ஏற்படுமோ அது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று முழுதாகப் படிந்து மறைவதும் தவிர்க்கப்பட்டது. மவுஸைப் பக்கத்தின்மேல் கொண்டுபோனால் தலைப்பு உடனே தோன்றும். சொடுக்கினால் பக்கம் முன்னே வந்து பெரிதாக நிற்கும், மறுபடி சொடுக்கினால் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். அசைவுகளுக்கு ஏற்ப ஒலிக்குறிப்புகளும் இருந்தன.

சோதனை

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது அப்போது பரவலாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உலாவியின் 'ஃபேவரிட்ஸ்' வசதி. அதாவது கோப்புறைகளுக்குள் தலைப்புகளை அடுக்கும் பட்டியல். பங்கேற்றவர்கள் 100 இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தங்கள் விருப்பப்படி சேமித்தார்கள். பிறகு ஒரு பக்கத்தின் தலைப்பையோ, சுருக்கத்தையோ, சிறுபடத்தையோ, மூன்றையும் சேர்த்தோ காட்டி, 'இதை எடுங்கள்' என்றார்கள் ஆய்வாளர்கள். மலையின் மேம்படுத்திய இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் பட்டியலைப் பயன்படுத்தியவர்களைவிட விரைவாகவும் குறைந்த தவறுகளோடும் எடுத்தார்கள்.

பெரும்பாலானோர் வகைப்படுத்தியே வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கோப்புறை இல்லாவிட்டாலும் மனிதர்கள் கொத்துகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் கொத்தின் எல்லை மழுங்கலாக இருக்கலாம். செய்திக்கும் வணிகத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தை இரண்டு கொத்துகளுக்கும் நடுவே போட்டுவிடலாம். கோப்புறை அப்படிப்பட்ட தயக்கத்தை ஏற்காது. இதிலா, அதிலா என்று உடனே பதில் கேட்கும். தாமஸ் மலோன் 1983-இல் அலுவலக மேசைகளை ஆராய்ந்தபோது கண்டதும் இதுதான். வகை தெரிந்த தாள்கள் கோப்பில் போகின்றன, வகை தெரியாதவை மேசைமேல் குவியலாகின்றன, அந்தக் குவியலே 'இந்த வேலை பாக்கி' என்று நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோதனையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பட்டியலுக்கும் மலைக்கும் இடையே ஒன்றல்ல, பல வேறுபாடுகள். மலையில் படம் உண்டு, பட்டியலில் இல்லை. மலையில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும், பட்டியலில் கோப்புறையைத் திறக்க வேண்டும். மலையில் இடம் உண்டு, ஆழம் உண்டு. வெற்றி கிடைத்தது என்பதில் ஐயம் இல்லை. யாருக்கு மாலை போடுவது என்பதுதான் கேள்வி.

படத்தை நீக்கினால்?

முதல் சந்தேகத்தை அதே குழுவே தீர்க்க முயன்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த தொடராய்வில், முதல் சோதனையில் பங்கேற்றவர்கள் சிலரைப் பல மாதங்கள் கழித்து மறுபடி அழைத்து, அவர்கள் அன்று அடுக்கிவைத்த அதே மலையைக் காட்டினார்கள். இடையில் அவர்கள் அதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் எடுக்கும் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிறகு சிறுபடங்களை நீக்கிவிட்டு, வெறும் சட்டங்களை மட்டும் அவற்றின் இடங்களில் விட்டுவைத்தார்கள். மவுஸைக் கொண்டுபோனால் தலைப்பு தெரியும், அவ்வளவுதான். தொடக்கத்தில் தடுமாறினார்கள். சிறிது பழகியதும் படங்கள் இருந்தபோது எடுத்த வேகத்தை எட்டிவிட்டார்கள்.

இந்த முழு வரலாற்றிலும் என்னை மிகவும் கவர்ந்த முடிவு இதுதான். நூறு வெற்றுச் சட்டங்கள், பல மாத இடைவெளி, கையோ ஏறக்குறைய சரியான மூலைக்குப் போகிறது.

ஜோன்ஸ், டூமாய்ஸ் ஆய்வோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். உற்றுப் பார்த்தால் முரண் இல்லை. 1986-இல் ஒரு பிரிவினர் இடத்தை மட்டும் நம்பி ஆவணத்தைத் துல்லியமாகச் சுட்ட வேண்டியிருந்தது. மலையில் இடம் அப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்கவில்லை. 'வலப்பக்கம், நடுவில், அந்தத் திட்டுக்கு அருகே' என்று ஒரு வட்டாரத்தைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வட்டாரத்துக்குள் இருக்கும் சில பக்கங்களில் எது என்பதைப் படமோ தலைப்போ உறுதி செய்தது. முகவரி தெரியாவிட்டாலும் தெருவரைக்கும் போய், வீட்டுக் கதவின் நிறத்தைப் பார்த்து அடையாளம் காண்பது போல. தெருவைக் காட்டாத கதவும் பயனில்லை, கதவைக் காட்டாத தெருவும் பயனில்லை. படத்தை நீக்கிய சோதனையிலும் தலைப்பை நீக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் பரிமாணத்தை நீக்கினால்?

இரண்டாம் சந்தேகத்தை எழுப்பியவர்கள் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டி காக்பர்னும் புரூஸ் மெக்கென்சியும். 2001-இல் அவர்கள் டேட்டா மவுண்டனைப் போன்ற ஒன்றை இரண்டு வடிவங்களில் செய்தார்கள். ஒன்றில் சாய்வும் ஆழமும் உண்டு. மற்றொன்று முழுத்தட்டை. மற்றபடி முடிந்தவரை ஒரே மாதிரி. சேமிக்கும் நேரத்திலும் சரி, எடுக்கும் நேரத்திலும் சரி, இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பக்கங்களின் நெரிசல் கூடக்கூட இரண்டிலும் வேகம் குறைந்தது. ஆனால் பயனர்களைக் கேட்டால், முப்பரிமாண வடிவமே மேல் என்றார்கள்!

மறு ஆண்டு அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தட்டை, சாய்தளம், முழு முப்பரிமாணம் என்று மூன்று நிலைகள். ஒவ்வொன்றும் கணினித் திரையில் ஒரு முறை, உண்மையான பொருள்களைக் கொண்டு நிஜ உலகில் ஒரு முறை. மூன்றாம் பரிமாணத்தில் சுதந்திரம் கூடக்கூட, எடுக்கும் திறன் குறைந்தது. திரையில் மட்டுமல்ல, கையால் தொடக்கூடிய அமைப்பிலும் அப்படித்தான். பயனர்களும் முழு முப்பரிமாணத்தை நெரிசலானது, திறன் குறைந்தது என்று உணர்ந்தார்கள். அந்த வரிசையில் டேட்டா மவுண்டனுக்குக் கிடைத்த இடம் நடுவே இருந்த சாய்தளம். அதாவது 'இரண்டரைப் பரிமாணம்'.

மறுதரப்பும் உண்டு. 2001-இலேயே மோனிகா தவாந்தி, மாட்ஸ் லிண்ட் ஆகியோர் முப்பரிமாணக் காட்சியில் இடநினைவு மேம்படுவதாகக் கண்டார்கள். காக்பர்ன் 2004-இல் அதை மறுபடி ஆராய்ந்து, அந்த வேறுபாட்டுக்கு ஆழத் தோற்றம் காரணமல்ல என்று வாதிட்டார். எனக்கு அவருடைய வாதமே வலுவாகப் படுகிறது. ஆழம் கூடினால் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. மறைந்ததைப் பார்க்கப் பார்வைக் கோணத்தை நகர்த்த வேண்டும். கோணம் நகர்ந்தால் நேற்று 'இடப்பக்கம்' இருந்தது இன்று 'பின்பக்கம்' ஆகிவிடுகிறது. பார்வையை ஒரே இடத்தில் நிறுத்திவைத்த ராபர்ட்சன் குழுவினர் இந்தச் சிக்கலை அறிந்தே தவிர்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

சந்தையில் என்ன நடந்தது

இடத்தை நம்பிய மென்பொருள்கள் வராமல் இல்லை. 1984-இல் வெளிவந்த மேகின்டாஷ் கணினியின் கோப்பு மேலாண்மை மென்பொருளான ஃபைண்டர் ஒவ்வொரு கோப்புறையையும் தனிச் சாளரத்தில், விட்ட இடத்திலேயே திறந்தது. லினக்ஸ் கணினிகளில் பயன்படும் க்னோம் மேசைத்தளம் 2004-இல் அதே கொள்கையை ஏற்றது. பயனர்கள் திரை முழுவதும் சாளரங்கள் சிதறுவதாகக் குறைப்பட்டார்கள். 2010-இல் அது ஒரே சாளரத்துக்குள் கோப்புறைகளைத் திறக்கும் வழக்கமான முறைக்குத் திரும்பியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆனந்த் அகர்வாலா, ரவின் பாலகிருஷ்ணன் ஆகியோரின் ஆய்விலிருந்து 2006-இல் அறிமுகமான 'பம்ப்டாப்' என்ற மேசைத்தள மென்பொருள் கோப்புகளைத் தாள்களைப் போலக் குவிக்கவும் எறியவும் விட்டது. 2010-இல் கூகுள் அதை வாங்கியதும் விற்பனை நின்றது.

தேடுபொறி வந்ததால் இடம் தேவையற்றுப் போனது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தங்கள் சொந்தக் கோப்புகளைப் பொறுத்தவரை, தேடல் வசதி நன்றாக இருந்தும் மக்கள் கோப்புறை வழியே நடந்துபோய் எடுப்பதையே விரும்புகிறார்கள் என்று ஓஃபர் பெர்க்மன், ஸ்டீவ் விட்டேக்கர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. பெர்க்மன் பங்கேற்ற 2015-ஆம் ஆண்டு மூளைப்படமெடுப்பு ஆய்வில், கோப்புறை வழியே போகும்போது நிஜ உலகில் வழி காணும்போது இயங்கும் பகுதிகளும், சொல்லிட்டுத் தேடும்போது மொழி சார்ந்த பகுதிகளும் இயங்கியது தெரிந்தது. பட்டியலாகத் தெரியும் கோப்புறையே அந்த உணர்வைத் தருகிறது என்றால், அதற்கு மலைகூட வேண்டியதில்லை.

உண்மையான தடை வேறு. இடநினைவு அசையாத பரப்பைக் கேட்கிறது. இன்றைய கணினிப் பரப்போ அசைந்துகொண்டே இருக்கிறது. பெரிய திரையில் வலப்பக்க மூலையில் வைத்தது கைபேசியில் எந்த மூலை? 'சமீபத்தில் திறந்தவை' என்று மென்பொருள் தானே வரிசை மாற்றும்போது பயனரின் நினைவு ஒவ்வொரு நாளும் பொய்யாகிறது. உதவி செய்வதாக நினைத்து அடுக்கைக் கலைக்கும் இந்தப் பழக்கத்தைவிடப் பெரிய எதிரி இடநினைவுக்கு இல்லை. எண்ணிக்கையும் ஒரு தடைதான். நூறு பக்கங்கள் ஒரு திரையில் அடங்கும். பல்லாயிரம் கோப்புகள் அடங்கா. அப்போது மலைகள் பலவாகும், எந்த மலை என்று நினைவில் வைக்க மறுபடி பெயர் தேவைப்படும்.

தலைக்கவசத் திரைகளும் பழைய கேள்வியும்

கண்முன்னே திரையைக் கட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்க உதவும் தலைக்கவசங்கள் பரவியதிலிருந்து, முப்பரிமாணத்தில் அடுக்கினால் விரைவாகக் கண்டெடுக்கலாம் என்ற பழைய வாசகம் புது உடுப்போடு திரும்பியிருக்கிறது. நினைவுக்கும் வழி காண்பதற்கும் உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், நாம் இருக்கும் இடத்துக்கேற்ப இயங்கும் 'இட உயிரணுக்கள்' (இவற்றின் கண்டுபிடிப்புக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது) ஆகியவற்றைச் சொல்லி, அறைக்குள் ஆவணங்களை மிதக்கவிட்டால் நினைவாற்றல் பெருகும் என்கிறார்கள். அந்த உயிரணுக்கள் உண்மை. அவற்றிலிருந்து ஒரு மென்பொருளின் பயனுக்குத் தாவுவது நீண்ட தாவல்.

இதில் மதிக்கத்தக்க தரவு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எரிக் க்ரோகோஸ், கேத்தரின் ப்ளேசான், அமிதாப் வர்ஷ்னி ஆகியோர் செய்து 2018-இல் வெளியிட்டது. 40 பேர். மெய்நிகர் அரண்மனை ஒன்று, மெய்நிகர் நகரம் ஒன்று, அவற்றில் ஆங்காங்கே பிரபலங்களின் முகங்கள். ஒரு காட்சியைத் தலைக்கவசத்திலும் மற்றொன்றைச் சாதாரணத் திரையிலும் பார்த்தார்கள். எந்த முகம் எங்கே இருந்தது என்று கேட்டபோது தலைக்கவசத்தில் துல்லியம் 8.8 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தலையையும் உடலையும் திருப்பிப் பார்ப்பது நினைவுக்குக் கொக்கியாகிறது என்ற விளக்கம் ஏற்கத்தக்கதே.

ஆனால் அங்கே முகங்களை அடுக்கியவர்கள் ஆய்வாளர்கள். கேள்வி சில நிமிடங்களிலேயே கேட்கப்பட்டது. முகங்கள் ஆவணங்கள் அல்ல. ஒரே மாதிரித் தோன்றும் இருபது ஒப்பந்தங்களுக்கு ஒரு நடிகரின் முகத்துக்குள்ள தனித்தன்மை கிடையாது. டேட்டா மவுண்டனின் பலமான முடிவு, தன் கையால் அடுக்கிய பயனர் மாதங்கள் கழித்தும் கண்டெடுத்ததுதான். தலைக்கவசத்தை விற்பவர்கள் காட்ட வேண்டிய சான்று அந்த வகையைச் சேர்ந்தது. தலைக்கவசத்துக்குள்ளேயே இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டால் போதும். ஒன்று, பயனரைச் சுற்றி வளைந்து நிற்கும் ஒரே பரப்பு. மற்றொன்று, முன்னும் பின்னும் எங்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய வெளி. படமும் தலைப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். வளைந்த பரப்பு வெல்லும் என்று நான் பந்தயம் கட்டுவேன். தலையைத் திருப்பும் நன்மை அதில் முழுதாகக் கிடைக்கிறது. ஒன்று மற்றொன்றை மறைக்கும் தொல்லை இல்லை.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் வெளியில் சிக்கல் இன்னும் கூர்மையாகும். டேட்டா மவுண்டன் தனி ஒருவருக்கான மலை. நிறத்திட்டுகளுக்குப் பொருள் கொடுத்தவரும் பக்கத்தை எடுப்பவரும் ஒரே ஆள். பத்துப் பேர் புழங்கும் பரப்பில் ஒருவர் ஓர் ஆவணத்தை நகர்த்தினால் ஒன்பது பேரின் நினைவு பிழையாகிறது. ஒரே ஆவணத் தொகுப்பை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அடுக்கிக்கொள்ள விடலாம். ஆனால் 'அந்த மூலையில் இருக்கிறதே' என்று ஒருவர் சுட்டினால் மற்றவருக்கு அந்த மூலையில் வேறொன்று இருக்கும். பொதுப் பரப்பை அப்படியே உறையவைத்து, ஒருவர் நகர்த்தியதை மற்றவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றலாம். அது மெதுவான வழி. பயனர் தனியாகவும் கூட்டாகவும் ஒரே தொகுப்பில் வேலை செய்ய வேண்டிய இடங்களில் இரண்டாவது வழியையே முதலில் சோதிப்பேன். அடுக்கை மாற்றுவது அரிதான செயல், எடுப்பது அன்றாடச் செயல் என்பதால்.